கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிப்பது

கண்ணபுரம் தேருக்கு மாடு வாங்கப் போகிறவர், முதல் நாள் பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. திருப்பூர் மாவட்டத்தில் ஓலப்பாளையத்தை ஒட்டிய இந்த ஊரில், சித்திரை மாரியம்மன் தேரோடு கூடும் மாட்டுச்சந்தை ஒரே நாளில் கலைந்துவிடாது. வரிசையாகக் கட்டியிருக்கும் காங்கேயம் மாடுகளைப் பார்த்ததும் நிறத்தின் மேல்தான் கண் விழும். பலரும் ஏமாறுவது அங்கேதான்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை, அதாவது செந்நிறம். ஆறு மாத வாக்கில் மயிலைக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலிலும் முன்னங்கால் சப்பையிலும் தொடையிலும் கருமை ஏறும். காயடித்தால் அது மங்கிவிடும். கருகருவென்று இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுத்து, வண்டிக்குப் பழக்கக் காயடித்துவிட்டால், காசு கொடுத்த நிறம் கையில் நிற்காது. காயடிக்காமல் பூச்சிக்காளையாகவே (பொலிகாளையாகவே) வைத்துக்கொள்வதானால் நிறத்துக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மூக்கணாங்கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடத்தில் மறுகைக் கட்டைவிரலை விட்டுக் கீழுதட்டை இறக்க வேண்டும். எதிரே நின்றால், தலையை ஒரு உலுக்கு உலுக்கியதும் கொம்பு நெஞ்சுக்கு வரும். பால்பல் சிறியது, வெள்ளை. நிலைப்பல் அகலமாக, லேசான மஞ்சளோடு இருக்கும். நடுவில் இரண்டு நிலைப்பல் இருந்தால் வயது இரண்டு, இரண்டரை. நாலு பல் என்றால் மூன்று; ஆறு பல் மூன்றரையிலிருந்து நாலு. எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தால் (வரிசை நிறைந்தால்) நாலரை, ஐந்து. தீவனத்தைப் பொறுத்து சில மாதம் முன்பின் ஆகும்.

புதிதாக வாங்குகிறவர் தடுமாறுவது கிழட்டு மாட்டில். தேய்ந்த பல் குட்டையாகி, நடுவே சந்து விழுந்து, அவசரத்தில் பார்த்தால் பால்பல் போலவே தெரியும். ஈறைப் பாருங்கள். கிழமாட்டுக்கு ஈறு கீழிறங்கி, பல்லின் அடி முளைக்குச்சி மாதிரி நீண்டு தெரியும். இளங்கன்றுக்கு ஈறு பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும்.

பிறகு நடை. நிழலில் நிற்கிற மாட்டில் நொண்டி தெரியாது. கரடான தரையில் இருபது அடி நடக்கவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பச் சொல்லிப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். முன்னங்கால் வைத்த தடத்திலோ அதைத் தாண்டியோ பின்னங்கால் விழுந்தால் நல்ல நடை. சோடியாக வாங்கினால் எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்று கேட்டு, நுகத்தில் பூட்டிப் பார்ப்பது உத்தமம். பழகிய பக்கம் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கழுத்தில் நுகம் உரசும் இடத்தைக் கையால் தடவினால், ஆறின புண்ணின் தடிப்பு அகப்படும்.

மாட்டின் உடம்பில் உள்ள மயிர்ச்சுழி பற்றிச் சண்டை வேண்டாம். நம்பிக்கை இல்லாதவரும் முதுகுச் சுழி மேலேறும் ஏறுபூரானா, கீழிறங்கும் இறங்குபூரானா என்று பார்த்தே வாங்க வேண்டும். நாளைக்கு விற்கப் போகும்போது அடுத்தவர் பார்ப்பாரே!

விலை துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசப்படும். துண்டைப் போடுவதற்கு முன்பே, ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா, தரகு யார் தலையில் என்று தரகரிடம் வாய்விட்டே கேட்டுக்கொள்ளுங்கள். விலை படிந்ததும் அச்சாரம்.

போகும்போதே புதுக்கயிறு கொண்டு போங்கள். மாட்டைக் கொடுப்பவர்கள் பலர் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். காதில் 12 இலக்க எண் உள்ள தோடு இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, கோமாரி (கால், வாய் நோய்) தடுப்பூசி எப்போது போட்டது என்று கேளுங்கள். மூக்கு நுனி வறண்டிருந்தாலோ, எச்சில் நூலாக வடிந்தாலோ அந்த மாட்டை விட்டுவிடலாம்.

சித்திரை வெயிலில் மத்தியானம் வண்டி ஏற்றுவது மாட்டைக் கொல்லும் வேலை. வயிறாரத் தண்ணீர் காட்டிப் பொழுது சாய்ந்ததும் ஏற்றலாம். வண்டித் தளத்தில் மணலோ வைக்கோலோ பரப்பாவிட்டால் முதல் பிரேக்கிலேயே வழுக்கி முட்டி தேயும். வீட்டுக்கு வந்ததும் பழைய மாடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டி, தாழியும் தனியாக வையுங்கள். கோமாரி பிடித்து வந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.