வரிசை மாற்றமா, சேர்வா?

வினாவில் ‘தேர்ந்தெடு’ என்றிருந்தால் சேர்வு (வரிசையைப் பாராமல் எண்ணுவது), ‘அடுக்கு’ என்றிருந்தால் வரிசை மாற்றம் (வரிசையையும் பார்த்து எண்ணுவது) என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை; சொல்லை நம்பினால் கணக்கு கைவிட்டுவிடும்.

10 பேரிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘தேர்ந்தெடு’ என்றுதான் வினா சொல்கிறது; ஆனாலும் தலைவரும் செயலாளரும் இடம் மாறிக்கொண்டால் அது வேறொரு முடிவு என்பதால், 10×9×8 = 720 வழிகள் கிடைக்கின்றன. பதவி எதுவுமில்லாத மூவர் குழு என்றால், அதே மூவரை எந்த வரிசையில் அழைத்தாலும் குழு ஒன்றே. அ, ஆ, இ என்ற மூவரை அஆஇ, அஇஆ, ஆஅஇ, ஆஇஅ, இஅஆ, இஆஅ என்று 6 முறை எண்ணிவிட்டோம். ஆகவே 720ஐ 6ஆல் வகுக்க 120 வருகிறது. சேர்வின் சூத்திரத்தில் கீழே r! (r பேரை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை; இங்கே 3! = 3×2×1 = 6) ஏன் வருகிறது என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான், இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

ஒரு தலைவர், பதவியில்லாத இரு உறுப்பினர்கள் என்று கேட்டால்? தலைவருக்கு 10 வழிகள், மீதமுள்ள 9 பேரில் இருவரைச் சேர்க்க 36 வழிகள், மொத்தம் 360. இங்கே இரண்டும் கலந்தே வருகின்றன. எனவே சூத்திரத்தைத் தேடுமுன், கிடைத்த விடையில் இருவரை இடம் மாற்றி, அது புதிய விடையாகிறதா என்று பாருங்கள்.