பிப்ரவரி வரை இருக்க வேண்டிய வீடு

ஜூலை 8, 2024
என் கணவருக்குக் கான்பராவில் வேலை உறுதியாகிவிட்டது. சிட்னி வெஸ்ட்மீட் வீட்டின் 52 வார ஒப்பந்தமோ அடுத்த பிப்ரவரியில்தான் முடிகிறது. ஏஜென்டை அழைத்தேன். புது ஆள் குடிவரும்வரை வாடகை கட்ட வேண்டும், விளம்பரச் செலவும் நம்முடையது என்றார். எத்தனை வாரமாகும் என்று கேட்டால், “சந்தையைப் பொறுத்தது” என்கிறார்.

ஜூலை 9
ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் இழப்பீட்டுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. கால்வாசிக் காலம் முடியுமுன் காலி செய்தால் நான்கு வார வாடகை, பாதிக்கு முன் என்றால் மூன்று, முக்கால்வாசிக்கு முன் என்றால் இரண்டு, அதற்குப் பிறகு ஒன்று. 2020 மார்ச் 23க்குப் பின் போட்ட, மூன்று ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கெல்லாம் இதுதான். புது ஆள் எப்போது வந்தால் நமக்கென்ன?

நாங்கள் குடிவந்தது பிப்ரவரி 5. ஆகஸ்ட் 5 வந்தால் சரிபாதி.

“மாதக் கடைசியிலேயே கிளம்பிவிடலாமே” என்றார் அவர்.

“ஒரு வாரம் பொறுங்கள், இழப்பீட்டில் ஒரு வார வாடகை 620 டாலர் மிச்சம்” என்றேன். அந்த வாரத்துக்கு வாடகை உண்டுதான். ஆனால் அது வசிப்பதற்குக் கொடுப்பது, தண்டம் அல்ல.

ஜூலை 11
ஆகஸ்ட் 7 அன்று சாவி தருகிறோம், இரண்டு வார வாடகையான 1,240 டாலரைக் கட்டுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஏஜென்டிடமிருந்து ஒற்றை வரியில் பதில்: “குறித்துக்கொண்டோம்.” விளம்பரச் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை!

ஜூலை 27
வீடு பார்க்க வந்த அம்மாள் சமையலறை அலமாரியைத் திறந்தார். பெருங்காய வாசம் முகத்தில் அடித்ததும் மூடிவிட்டார்.

ஆகஸ்ட் 7
சாவி கொடுத்தாயிற்று. கார்ப்பெட்டை ஆள் வைத்து நீராவியில் சுத்தம் செய்த ரசீது எங்கே என்று கேட்டார்கள். செல்லப்பிராணி வளர்க்காத வாடகைதாரரிடம் அதைக் கட்டாயமாகக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. குடிவந்த நாளில் எடுத்த படங்களையும் இன்றைய படங்களையும் அனுப்பிவைத்தேன்.

ஆகஸ்ட் 8
நான்கு வார முன்பணம் 2,480 டாலரில் 1,240 அவர்களுக்கு, மீதி எங்களுக்கு என்று இணையத்தில் விண்ணப்பித்தேன். இங்கே முன்பணம் வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை, அரசிடம் இருக்கிறது. 14 நாட்களுக்குள் அவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போகாவிட்டால் பணம் வந்துவிடும். சென்னையிலிருந்து அம்மா கேட்டு வியந்தார். “இங்கே வெள்ளையடித்த காசு என்று ஒரு மாத அட்வான்ஸை விழுங்கிவிடுவார்கள்” என்றார்.

ஆகஸ்ட் 24
1,240 டாலர் வங்கியில் வந்திருக்கிறது. பழைய பக்கத்து வீட்டு அக்கா பேசினார். போன வாரமே புதுக் குடும்பம் வந்துவிட்டதாம், வார வாடகை 650. எங்கள் இரண்டு வாரப் பணமும் வீட்டுக்காரரிடமே இருக்கும். ஆள் வராமல் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்திருந்தாலும் அவருக்கு அதே தொகைதான். “திருப்பிக் கேளேன்” என்கிறார் அக்கா. கேட்க வழியில்லை.