ஆப்பிரிக்காவுக்கு, பசங்களா!

26 ஜனவரி 2025, ஞாயிறு

மதியம் பார்சிலோனா துறைமுகம் வரை நடந்துபோனேன். கொலம்பஸ் தூணுக்குக் கீழே நல்ல கூட்டம். 1860-ல் இதே தேதியில் இங்கிருந்துதான் காட்டலான் தொண்டர்கள், அதாவது காட்டலான் மொழி பேசும் இந்தப் பகுதியிலிருந்து தாங்களாகவே படையில் சேர்ந்தவர்கள், மொராக்கோ போருக்குக் கப்பலேறினார்கள். அப்போது இந்தத் தூண் கிடையாது, அது 1888-ல் வந்தது. ஏறியவர்கள் 500-க்குக் கொஞ்சம் குறைவு. தலையில் சிவப்புப் பாரெடீனா தொப்பி, காலில் கயிற்றுச் செருப்பு. பட்டாளச் சீருடைக்குப் பதிலாக ஊர் உடுப்பையே போட்டு அனுப்பினார்கள். செலவு மாகாண மன்றத்துடையது.

சண்டைக்குக் காரணம், ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமிருந்த சியூத்தா கோட்டையைச் சுற்றி எழுந்த ஓர் எல்லைத் தகராறு. 1859 அக்டோபர் 22-ல் ஸ்பெயின் போர் அறிவித்தது. பிரதமர் ஓ'டொனெல் தானே படையை நடத்திக்கொண்டு போனார்.

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்தது போர் அல்ல, நாடகம். அந்தக் குளிர்காலத்தில் இந்த ஊர் மேடைகளில் ஏறிய சின்னச் சின்ன நாட்டுப்பற்று நாடகங்களைப் பற்றி இங்கே தொடர்ந்து எழுதப் போகிறேன்.

28 ஜனவரி

ஜுசேப் அந்தோனி ஃபெரர் எழுதிய நாடகத்தின் பெயர் 'ஆ லாஃப்ரிகா, மின்யோன்ஸ்!' (ஆப்பிரிக்காவுக்கு, பசங்களா!). ஆண்டு 1859. அந்த ஆண்டில்தான் எனக்குக் கண் நின்றுவிட்டது. தொண்டர்கள் கப்பலேறியது 1860 ஜனவரியில். அப்படியானால் வழியனுப்பும் நாடகம் முதலில் வந்திருக்கிறது, வழியனுப்பப்பட்டவர்கள் பிறகுதான் வந்திருக்கிறார்கள்.

'மின்யோன்ஸ்' என்ற சொல்லை எப்படித் தமிழில் சொல்வது என்று ராத்திரி வரை யோசித்தேன். 'இளைஞர்களே' என்றால் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. 'வீரர்களே' என்றால் பொய். ஊரில் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து கூப்பிடுவாரே, 'டேய் பசங்களா', அதுதான் அந்தச் சொல்லின் உயிர். சாவுக்கு அழைக்கும்போதும் வீட்டுச் சொல்லால் அழைக்கிறார்கள். கேட்கிறவனால் எப்படி மறுக்க முடியும்?

அடுத்த ஆண்டு 'மின்யோன்ஸ், ஜா இ சோம்!' (பசங்களா, வந்துசேர்ந்துட்டோம்!), அப்புறம் 'ஜா தோர்னன்!' (இதோ திரும்புறாங்க!). மூன்று தலைப்புகளை வரிசையாக வைத்தாலே போர் முழுவதும் அதில் இருக்கிறது. இந்த வகைக்கு 'ஆ ப்ரோபோசித்' என்று பெயர். ஊரில் ஏதாவது நடந்தால் அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதி, ஒரே அங்கத்தில் மேடையேற்றிவிடுவது.

30 ஜனவரி

நேற்றிலிருந்து மனத்தை அரிக்கும் விஷயம் இதுதான். அந்தக் காலத்து மேடையில் காட்டலான் பேசுகிறவன் பெரும்பாலும் சிரிக்க வைக்க வந்தவன்: பட்டிக்காட்டான், வேலைக்காரன், குடிகாரன். காதல், கௌரவம், மரணம் எல்லாம் ஸ்பானிய மொழிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தப் போர் நாடகங்களில் காட்டலான் பேசும் பையன் திடீரென்று தலைநிமிர்ந்து நிற்கிறான். அவன் வாயைத் திறந்தால் அரங்கம் சிரிக்கவில்லை, கை தட்டுகிறது.

எனக்கு முதலில் இது பெரிய சந்தோஷமாக இருந்தது. தன் மொழிக்கு மேடையில் மரியாதை கிடைத்ததைப் பார்க்க யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது? ஆனால் அந்த மரியாதைக்கு என்ன விலை என்று பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஸ்பெயினுக்காகச் சாகத் தயார் என்று சொல்வதற்காகத்தான் அவனுடைய மொழிக்கு அந்த இடம் கிடைத்தது.

வேறு மாதிரி எழுதவும் ஆள் இருந்தார். கடிகாரம் பழுதுபார்க்கும் பிரெடெரிக் சொலேருக்கு அப்போது 20 வயது. செராஃபி பிதாரா என்ற புனைபெயரில், இந்த வீராவேச நாடகங்களைக் கேலி செய்து 'விடுதலையின் பூதிஃபாரா' எழுதினார். பூதிஃபாரா என்றால் இந்த ஊர்ப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. பின்னாளில் காட்டலான் நாடகத்துக்கு அடித்தளம் போட்டவர் இவர்தான். 1866-ல் இவர் மேடையேற்றிய 'ரோசேரின் நகைகள்' நாடகத்தில் காட்டலான் மொழி அழவும் செய்தது.

அதற்கு மறு ஆண்டு, 1867 ஜனவரியில், மாட்ரிடிலிருந்து அரசாணை வந்தது: முழுக்க முழுக்க வட்டார மொழியில் எழுதிய நாடகத்துக்கு இனி அனுமதி இல்லை. எழுத்தாளர்கள் ஸ்பானிய மொழி பேசும் ஒரு பாத்திரத்தை உள்ளே நுழைத்துத் தப்பித்தார்கள். மொராக்கோவின் தெத்துவானில் அந்தத் தொண்டர்கள் ரத்தம் சிந்தி ஏழு ஆண்டுகூட முடியவில்லை.

4 பிப்ரவரி

1860-ல் தெத்துவான் போர் நடந்த நாள். மொன்ஜுயிக் குன்றின் மேலிருக்கும் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஓவியர் ஃபோர்டுனியின் 'தெத்துவான் போர்' அங்கே இருக்கிறது. உயரம் 3 மீட்டர், அகலம் ஏறக்குறைய 10 மீட்டர். மாகாண மன்றம்தான் அவரை மொராக்கோவுக்கு அனுப்பியது, போகும்போது அவருக்கு 21 வயது. பல ஆண்டுகள் வரைந்தும் முடிக்கவில்லை, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். முன்பகுதியில் சிதறி ஓடும் மொராக்கோ குதிரைக்காரர்கள்தான் கண்ணை நிறைக்கிறார்கள். வெற்றிப் படம் கேட்டவர்களுக்குப் புழுதியும் ஓட்டமும் கிடைத்திருக்கிறது.

தொண்டர்கள் பிப்ரவரி 3 அன்று கரை இறங்கினார்கள். காட்டலான் பேசும் ரெயுஸ் ஊரில் பிறந்த தளபதி பிரிம் அவர்களிடம் காட்டலானில் பேசினார். மறுநாளே முன்வரிசை. எதிரி அரணுக்கு முன்னால் இருந்த நீர்ப்பள்ளத்தில் சிக்கிச் சுடப்பட்டு விழுந்தவர்களில் அவர்கள் தலைவர் சுக்ரான்யேஸும் ஒருவர். மண்ணில் கால் வைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தொண்டர்களுக்கென்று எழுதிய நாடகங்களுக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில், பயிற்சிக்குத்தான் நேரம் இல்லாமல் போயிருக்கிறது.

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் போரில் இறந்த ஸ்பெயின் படையினரில் பெரும்பகுதி நோயால் போனவர்கள், முக்கியமாகக் காலராவால். மேடையில் காலராவுக்கு எந்தப் பாட்டும் இல்லை.

9 பிப்ரவரி

மறுபடி துறைமுகம். இந்த முறை 1909-ஐ நினைத்துக்கொண்டு. அந்த ஜூலையில், ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசமிருந்த மெலீயாவைச் சுற்றி நடந்த போருக்காக இதே கரையில் ரிசர்வ் படையினரைக் கப்பலில் ஏற்றினார்கள். பலர் பிள்ளைகுட்டிக்காரர்கள். 1,500 பெசேத்தா கட்டினால் போக வேண்டாம், அவ்வளவு பணம் அவர்களிடம் ஏது? பணக்கார வீட்டுப் பெண்கள் புனிதர் பதக்கமும் சிகரெட்டும் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கடலில் எறிந்தார்கள். சில நாளில் நகரமே பற்றி எரிந்தது, துயர வாரம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

49 ஆண்டு இடைவெளியில், ஒரே கரையில், இரண்டு வழியனுப்பல்கள். இரண்டாவதற்கு 'மின்யோன்ஸ்!' என்று கூப்பிட எந்த நாடகமும் போதுமானதாக இல்லை.

3 மே

1860-ல் இந்த நாளில் அந்தத் தொண்டர்கள் பார்சிலோனா திரும்பினார்கள். ஊரே திரண்டது. இசையமைப்பாளர் கிளாவே தன் பாடகர் குழுக்களுக்காக 'அல்மொகாவர்களின் பேரன்கள்' என்ற பாடலை அந்த ஆண்டு எழுதினார். மத்தியதரைக் கடலையே கலக்கிய பழைய காட்டலான் கூலிப்படையினரின் வாரிசுகளாம் இந்தப் பையன்கள்.

இன்று மாலை தெத்துவான் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து 'ஜா தோர்னன்!' என்ற தலைப்பை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தமிழைப் போலவே காட்டலானிலும் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும். 'இதோ திரும்புறாங்க.' யார், எத்தனை பேர் என்று தலைப்பு சொல்வதில்லை. துறைமுகத்தில் காத்திருந்த ஒவ்வொரு அம்மாவும் அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுக்கொண்டிருப்பாள்.