ஆறு கேட்டால் இரண்டு

காலமை எங்கள் மருந்துக் கடைக்கு மொத்த விற்பனைக்காரரின் வான் வந்தது. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியைத் திறந்தால், ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் இன்சுலின் இரண்டே இரண்டு குப்பி.

நான் எழுதிக் கொடுத்தது ஆறு.

"எல்லாக் கடைக்கும் இரண்டுதான் அண்ணை," என்றார் வானில் வந்த தம்பி. பில்லிலும் ஆறை வெட்டி இரண்டாக்கியிருந்தது, பச்சைப் பேனையால்.

இலங்கை இரண்டு கோடிச் சொச்சம் சனம் உள்ள நாடு. மருந்தில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஒரு பிராண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஏஜென்ட், அவரும் கொழும்பில். அவருக்குச் சரக்கு பிந்தினால் பருத்தித்துறையிலிருந்து மாத்தறை வரை ஃபிரிட்ஜ் காலி. 2022 பொருளாதார நெருக்கடியில் பார்த்தோம்தானே.

சரி, ஒரு குப்பியை வழமையாக வாங்க வரும் ஒரு ஆச்சிக்கென்று உள்தட்டில் வைத்துவிட்டேன்.

மற்றதைக் கேட்டு மத்தியானத்துக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.