எது தேறும்?

பழைய துணிப் பையோடு எங்கள் வீட்டுப் படியேறுகிறவர்கள், உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "இதுல ஏதாச்சும் தேறுமா, பாருங்கக்கா." மதுரையில் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்து, கிழிந்த துணிகளைச் செப்பனிடுவதையும் இனி உடுத்த முடியாதவற்றைப் பிரித்து வேறு பொருள்களாகத் தைப்பதையும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் நான், அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்வது அரிது. எந்தத் துணியும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நைந்துபோவதில்லை என்பதே அதற்குக் காரணம். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு பருத்திச் சேலையைச் சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால், குதிகாலில் மிதிபட்ட கீழ்க்கரை ஓரமும், இடுப்பில் செருகிச் செருகி இழுபட்ட பகுதியும், தோளில் ஊசி குத்திய இடமும் மெலிந்து வெளிச்சத்தை உள்ளே விடுவது தெரியும். அதே சேலையில் கொசுவத்துக்குள் மடிந்து கிடந்த பகுதியோ, கடையிலிருந்து வந்தபோது இருந்த நெருக்கம் குறையாமல் இருக்கும். ஆகவே கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று தடவிப் பார்த்தும் வெளிச்சத்தில் பார்த்தும் சாக்கட்டியால் எல்லை வரைந்துகொள்கிறேன்.

இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால், எங்கள் வீட்டு நாளின் ஒழுங்கே வெளிச்சத்தைப் பின்பற்றி அமைந்துவிட்டது. சமையலை முடித்து, மஞ்சளும் எண்ணெயும் போகக் கைகளைத் தேய்த்துக் கழுவிய பிறகு, பத்து மணிக்கு மேல் சன்னலோரம் அமர்ந்து நுண்ணிய கைவேலைகளை மட்டும் செய்கிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்க வேண்டியவை எல்லாம் அந்த நேரத்துக்கே ஒதுக்கப்பட்டவை. மதியம் அத்தை கண்ணயரும்போது கால்மிசினை ஓட்டுவதில்லை. மாலையில் மிசின் வேலை, விளக்கு வைத்த பிறகு தையல் பிரித்தல், நூல் சுற்றுதல், துண்டுகளை நிறவாரியாக அடுக்குதல் என்று வேலைகள் தாமாகவே பிரிந்துகொண்டன. பள்ளியிலிருந்து மகள் வருவதற்குள், கீழே விழுந்திருக்கக்கூடிய குண்டூசிகளைக் காந்தத் துண்டு ஒன்றைத் தரையில் ஓட்டிப் பொறுக்கிவிடுவது வீட்டில் யாரும் மீறாத விதி.

கிழிசலில் இரண்டு வகை உண்டு என்பதை இந்த வேலையைக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் விளக்குவேன். ஆணியிலோ கதவுத் தாழ்ப்பாளிலோ மாட்டிக் கிழிந்த துணியில் இழைகள் அறுந்திருக்குமே தவிர, காணாமல் போயிருக்காது. இரு ஓரங்களையும் பொருத்தி, பின்பக்கம் மெல்லிய துணி ஒன்றைத் தாங்கலாக வைத்துச் சேர்த்துவிடலாம். உரசி உரசித் தேய்ந்த ஓட்டையில் இழைகளே இருப்பதில்லை. அங்கே முதலில் துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் திசையில் நெருக்கமாக இழைகளை ஓட்டி, பிறகு குறுக்குவாக்கில் ஓடும் ஊடை நூலின் திசையில் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக ஊசியைக் கொண்டுபோய், ஊசி முனையிலேயே ஒரு சிறிய நெசவை நெய்ய வேண்டும். ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல், அதைச் சுற்றியுள்ள வலுவான பகுதிக்குள்ளும் சிறிது தூரம் இழையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதும், ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இழுத்துப் பிடிக்காமல் சிறு வளையமாகத் தளர விட வேண்டும் என்பதும் அவசரக்காரர்கள் தவறவிடும் இரண்டு நுட்பங்கள். நூல் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் செப்பனிட்ட இடம் கொசகொசவென்று சுருண்டுகொள்ளும்.

அந்த இழைகளுக்கான நூலைக் கடையில் வாங்குவதை நான் கூடுமானவரை தவிர்க்கிறேன். மெல்லிய பருத்திச் சேலைகள் 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் நூலில் நெய்யப்படுகின்றன. 80ஆம் நம்பர் என்றால், ஒவ்வொன்றும் 840 கஜ நீளமுள்ள 80 சிட்டங்கள் (நூற்கட்டுகள்) சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும் என்று பொருள். இரண்டு மூன்று புரிகளை முறுக்கிச் செய்யப்படும் தையல் நூல் அதன் அருகில் தடித்துத் தெரிவதோடு, பாலியஸ்டர் நூலாக இருந்தால் காலப்போக்கில் நைந்த பருத்தியை அறுக்கவும் செய்யும். சேலை உடுத்தும்போது இடுப்புக்குள் முதலில் செருகுகிற உள்முனையை யாரும் பார்ப்பதில்லை. அங்கிருந்து நிதானமாக உருவியெடுக்கும் இழை, தடிமனிலும் நிறத்திலும், அதே சேலையோடு எத்தனையோ சலவைகளைக் கண்டு வெளிறிய அளவிலும் பிசகாமல் பொருந்திவிடுகிறது. வங்காளத்துக் காந்தா விரிப்புகளைத் தைத்த பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரைகளிலிருந்தே வண்ண நூலை உருவித் தையல் போட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத்தைச் சேர்ந்த ரஃபூகர்கள் காஷ்மீர்ச் சால்வைகளின் கிழிசலை இருந்த இடம் தெரியாமல் மறைக்கும் திறமைக்குப் பெயர் பெற்றவர்கள். அந்தக் கைகளின் நேர்த்தி என் கைக்கு வர வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒட்டுப் போடுவதிலும் இதே கவனம் வேண்டும். கோடித் துணியை வெட்டிப் பழந்துணியின் மேல் வைத்துத் தைத்தால், புதியது சுருங்கும்போது பழையதை இழுத்து, ஒட்டின் ஓரத்திலேயே புதிய கிழிசலை உண்டாக்கிவிடும். ஆகவே ஒட்டுக்கு எப்போதும் பலமுறை துவைத்த துணியையே எடுக்கிறேன். அதன் பாவு, சேலையின் பாவோடு ஒரே திசையில் அமையும்படி வைத்து, மூலைகளைக் கூராக விடாமல் சற்று வளைத்து வெட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு துணியின் ஆயுளை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் பருத்தி வேட்டியைத்தான் பார்க்க வேண்டும். எட்டு முழ வேட்டி உட்காரும் இடத்தில் மெலிந்ததும், அந்தப் பகுதியை வெட்டி நீக்கினால், வலுவான இரு முனைகளிலிருந்தும் தோளில் போடும் துண்டுகள் கிடைக்கும். துண்டும் நைந்தால், கஞ்சியும் நீலமும் போக வெந்நீரில் அலசியெடுத்து, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி இட்லித் துணியாக்குகிறோம். நைந்த பருத்தி நீரை நன்றாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால், மாவு அதில் ஒட்டாமல் வருவதைச் சமைப்பவர்கள் அறிவார்கள். கோடையில் மொட்டை மாடியில் வடகம் பிழிவதும் அந்த வெள்ளைத் துணியின் மேல்தான். இறுதியில் மிஞ்சும் கீற்றுகளை அத்தை மடியில் வைத்து உருட்டிக் கார்த்திகைக்கு வேண்டிய திரிகளாக்கிவிடுவார். பழஞ்சேலைகளில் மிக மிருதுவானவை தூளிக்கென்று தனியே எடுத்து வைக்கப்படும். பச்சிளங்குழந்தையின் தோலுக்குப் புதுத்துணியைவிடப் பழந்துணியே இதமானது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்ததை, என் மகளை அதில் கிடத்தியபோது நானும் உணர்ந்தேன்.

இந்தத் தொடரை அறுத்துவிட்டது பாலியஸ்டர் கலப்பு. கலப்புத் துணி எளிதில் கிழிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது நீரை நன்றாக உறிஞ்சுவதில்லை, இட்லித் தட்டுக்கு ஆகாது, தீபத்தில் திரியாக எரியாமல் உருகும். ஐயம் வரும்போது ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கிறேன்: பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும், பட்டு மயிர் பொசுங்கும் நாற்றம் வீசும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும். அப்படி உறைகிறவற்றைக் காய்கறிப் பைகளாகவும் மிசின் உறைகளாகவும் தைத்துவிடுகிறேன். பழைய பனியன்களைக் கீற்றுகளாகக் கிழித்து இழுத்தால் ஓரங்கள் தாமாகச் சுருண்டு கயிறாகும். அவற்றைப் பின்னிக் கால்மிதி செய்கிறேன்.

பட்டுச் சேலைகள் வேறொரு பொறுமையைக் கேட்கின்றன. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த பட்டு, உடுத்தப்படாமலேயே மடிப்புக் கோட்டில் விரிசல் விடும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்குமாறு எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைகளில், ஊடை நூலைத் தறியில் ஓட்டும் நாடாக்களைத் தனித்தனியாகக் கொண்டு உடலையும் கரையையும் நெய்யும்போதே கோர்த்துவிடுவார்கள். பல பழைய சேலைகளில் உடல் பகுதி கையில் எடுத்தாலே பிரியும் நிலைக்கு வந்த பிறகும், ஜரிகை அடர்ந்த கரையும் முந்தியும் உறுதியாக நிற்பதைப் பார்க்கிறேன். அந்தக் கரையைப் பிரித்தெடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் பதித்து, பாவாடைக்கோ ரவிக்கைக் கைக்கோ வைத்துத் தைக்கலாம். தம் தாயின் கூறைச்சேலையைக் கொண்டுவந்த ஒரு பெண், சகோதரிகள் மூவருக்கும் ஒரே அளவாகப் பிரித்துத் தருமாறு கேட்டபோது, முந்தியை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. மூத்தவருக்கு முந்தியை முழுதாகச் சுவரில் மாட்டும்படியும், மற்ற இருவருக்கும் கரைகளைத் தாவணி ஓரமாகவும் அமைத்துக் கொடுத்தேன். பழைய சேலைகளை எடைபோட்டு ஜரிகைக்காக வாங்கி உருக்கக் கொண்டுபோகிறவர்களிடம் கொடுப்பதற்கு முன்பு, ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகவே.

ஆண்களின் சட்டைகளில் முதலில் போவது காலர். தாடியும் வியர்வையும் படும் மடிப்பு நைந்ததும் சட்டையையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் காலர் இரண்டு அடுக்குத் துணியால் ஆனது, பிரித்துத் திருப்பிப் போட்டால் நையாத பக்கம் மேலே வந்துவிடும். அந்தக் காலத் தையற்காரர்கள் எல்லோரும் செய்த வேலைதான் இது.

பருவங்களும் இந்த வேலையை ஆள்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி உலராமல் பூஞ்சை பிடிக்கும் என்பதால், பல சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைகளை மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்கிறேன். சித்திரை வெயிலில் கை வியர்த்துக்கொண்டே இருப்பதால் பட்டைத் தொடுவதில்லை. எங்கள் பக்கத்தில் போகியன்று காப்புக் கட்டுவதும் வீட்டைத் துப்புரவு செய்வதும் முதன்மையானவை. பழையதை எரிப்பது வட மாவட்டங்களில்தான் அதிகம். ஆயினும் துப்புரவில் வெளியேறும் துணிமூட்டைகள் மார்கழிக் கடைசியில் எங்கள் திண்ணையை நிறைத்துவிடுகின்றன. அடுத்த ஆண்டின் வேலைக்கு அவையே கைமுதல்.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையின் அளவைப் பார்த்து நான் கணக்கிடுவதில்லை. வேலைக்கு ஆகும் நேரத்தைப் பார்த்தே கேட்கிறேன். இந்த விலைக்குப் புதுச்சேலையே வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மை என்பதால், அந்தத் துணியின் மேல் உண்மையான பற்று இல்லாதவர்களிடம் நானே புதிது வாங்கிக்கொள்ளுமாறு சொல்லி, பழையதை வெட்டித் துண்டுகளுக்காகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

துணி கொடுக்க நினைப்பவர்கள் கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக உலர்த்திக் கொடுத்தால் பெரிய உதவி. கஞ்சிக்காகவே இராமபாணப் பூச்சிகள் வந்துவிடும். பாச்சை உருண்டையை ஜரிகையின் மேல் படும்படி வைக்காதீர்கள். கிழிந்த இடத்தை அவசரத்துக்கு மிசினில் ஓட்டிவிடாமல், பசை தடவாமல், கிழிந்தபடியே கொண்டுவாருங்கள். உதிர்ந்த துண்டு ஏதேனும் இருந்தால் அதையும் ஒரு காகிதத்தில் மடித்து உடன் எடுத்துவாருங்கள்.