வாஷிங் மெஷின் நின்ற பத்து நாள்

2023 டிசம்பர் 9, கல்லடி, மட்டக்களப்பு

பிழியும் நேரம் வந்ததும் மெஷின் அலறத் தொடங்கியது. ஓடிப்போய் நிற்பாட்டினேன். உள்ளே அம்மாவின் பெட்ஷீட் தண்ணீரோடு கிடந்தது.

அம்மா படுக்கையில் விழுந்து ஏழு மாதம். நாளுக்கு இரண்டு விரிப்பாவது மாற்ற வேண்டும். கோடை என்றால் கையால் தோய்த்துக் கிணற்றடிக் கொடியில் போட்டாலே மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இது மாரி. மெஷினில் பிழியாமல் போட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. ஈர விரிப்பில் படுத்து அம்மாவின் முதுகு புண்ணாகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 10

பிளக்கைக் கழற்றிவிட்டு உள்தொட்டியைக் கையால் சுற்றினேன். அம்மியில் மணல் அகப்பட்டது போல ஒரு கரகரப்பு. நிலத்தில் துருநிறத்தில் கறை. இவர், "எட்டு வருஷம் உழைச்சிட்டுது, புதுசு எடுப்பம்" என்கிறார். 2015இல் சீட்டுக்காசில் வாங்கிய மெஷின். எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 12

பாலம் கடந்து டவுனுக்குப் போய் விலை கேட்டோம். இதே அளவு மெஷின் 1,20,000 ரூபாய். ஜனவரி 1இல் வற் (VAT) வரி 15இலிருந்து 18 வீதமாகிறது, இந்த மாதமே எடுங்கள் என்றார்கள் கடையில். இவர் அப்போதே சரி என்றுவிடப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். வரியைக் கழித்தால் விலை ஏறக்குறைய 1,04,350. அதற்கு 3 வீதம் 3,130 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கவா இவ்வளவு காசை அவசரமாகக் கொட்டுவது? முதலில் மெஷினைத் திறந்து பார்க்கட்டும்.

டிசம்பர் 14

ஆரையம்பதியிலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். முழுவதும் கழற்றிக் காட்டினார். முதலில் போனது தொட்டி சுழல உதவும் பெயரிங் இல்லையாம், அதற்கு மேலே இருக்கும் ரப்பர் சீல்தானாம். சீல் தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் கீழே இறங்கி, கிரீஸைக் கழுவி, பெயரிங்கைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. பெயரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்பவும் இதே கதைதான்.

"தொட்டியைச் சுத்துற ஷாஃப்டைத்தான் பார்க்கவேணும் அக்கா. சீல் உட்காருற இடத்தில துரு தின்டிருந்தா புது சீலும் ஒழுகும். அப்படியெண்டா இதுக்குக் காசு போடாதீங்க."

துணியால் துடைத்து, விரல் நகத்தை வைத்து உரசிப் பார்க்கச் சொன்னார். நகம் எங்கும் தடக்கவில்லை. மோட்டரும் போர்டும் நல்ல நிலையில் இருந்தன. சீல், பெயரிங், கூலி எல்லாம் சேர்த்து 17,500 என்றார். இவரைப் பார்த்தேன். தலையாட்டினார்.

ஷாஃப்ட் அரித்திருந்தால் நானே புதிசு என்றிருப்பேன்.

டிசம்பர் 16

சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். பக்கத்து வீட்டு மாமி விரிப்புகளைக் கேட்டு வாங்கிப்போய்த் தன் மெஷினில் பிழிந்து தந்தார். வாசலில் நின்று எடுத்துப் போகும்போது கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் 18

பூட்டியாயிற்று. கால் ஒன்று உயர்ந்து நின்றதையும் தம்பி சரிப்படுத்தினார். நனைந்த விரிப்பு முழுப் பாரம், இனி ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் போடவேண்டாம் என்றார். போட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

வெளியே மழை. விறாந்தைக் கொடியில் போட்ட விரிப்பு பின்னேரம் காய்ந்துவிட்டது. அம்மாவைப் புரட்டி அதையே விரித்தேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சிட்டுது மனே" என்றார்.