பதினேழும் பத்தொன்பதும்

"அண்ணா, நீங்களும் நான் பாடின மாதிரியே வாசிச்சிருக்கலாமே?"

திரை இறங்கியதும், சால்வையை மடித்துக்கொண்டே, அன்று பாடிய அந்தப் பெண் கேட்டார். அவருக்கு வயலின் பக்கவாத்தியம் நான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லி மறந்திருப்பேன்.

மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தின் கடைசிக் கோர்வை அது, முடிவுக்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய ஸ்வர அடுக்கு. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம். தாளம் தொடங்கும் சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி எடுப்பு, அதாவது பாட்டின் வரி தொடங்கும் இடம். ஓர் அட்சரத்துக்கு நாலு மாத்திரை. மூன்று ஐந்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை என்ற இடைவெளி, ஆக 19 மாத்திரை. பதற்றத்தில் இரண்டு இடத்திலும் கார்வையை ஒன்றாகக் குறைத்துவிட்டார். 17. அரை அட்சரம் முன்னாலேயே வந்து நின்றது. மூச்சை இழுத்துச் சமாளித்து, வரியைச் சரியான இடத்திலேயே எடுத்தார். கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் கவனித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்து என் முறை. 19 வாசித்தேன். எடுப்பில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. கைதட்டல். அந்தக் கைதட்டலில்தான் அவர் தவறியது சபை முழுக்கத் தெரிந்தது.

"கணக்கு அப்படித்தானேம்மா" என்றேன்.

"கணக்கு எனக்கும் தெரியும்ண்ணா."

நான் வேறென்ன செய்திருக்க முடியும்? வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை மூன்று வேகத்திலும் தொடையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டிய பிறகுதான் என் குரு வில்லையே எடுக்கவிடுவார். அப்படி வருஷக்கணக்கில் ஏறிய கணக்கு. தவறைத் தவறாகவே திருப்பி வாசித்தால், அடுத்து தனி ஆவர்த்தனத்துக்கு, தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு, போகவேண்டிய மிருதங்கக்காரருக்கும் சங்கடம். தாளத்துக்கு நான் உண்மையாக இருந்தேன்.

ஆனால் அதே குருதான் "பக்கவாத்தியம்னா பாட்டுக்குப் பக்கத்துல இருக்கணும்" என்றும் சொல்லிக்கொடுத்தார். வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர், வடிவேலு காலத்திலிருந்து இந்த வெள்ளைக்காரர் வாத்தியம் நம் மேடையில் நிலைத்ததே குரலோடு குழைய முடிந்ததால்தான். அதற்காகத்தான் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வழுக்கி வர விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் வாசிப்பில் பாட்டின் சாகித்தியச் சொல்லே கேட்கும். அன்று கச்சேரி தொடங்குமுன், அந்தப் பெண்ணின் ஐந்து கட்டைச் சுருதிக்கு என் நாலு கம்பியையும் பொறுமையாகச் சேர்த்தேன். சுருதியில் அவருக்காக அவ்வளவு வளைந்து கொடுத்தவன் நான்.

விரல் தானாக வாசித்துவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னேன். சரி, கடைசி ஐந்தில் வில்லை அழுத்தினேனே, அதுவும் தானாகவா? அந்த அழுத்தம் எனக்குத் தெரிந்தே வந்தது. 'இதுதான் சரி' என்று காட்டும் அழுத்தம் அது.

கோர்வையையே விட்டுவிட்டு, நாலு ஸ்வரம் கோத்து எடுப்புக்கு வந்திருக்கலாம். யாருக்கும் உறுத்தியிருக்காது. இந்த யோசனை இரவு பதினோரு மணிக்கு, பெட்டியில் வில்லின் ரோமத்தைத் தளர்த்தி வைக்கும்போது வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. அப்படி மூடி மறைத்திருந்தால், அடுத்த கச்சேரியிலும் அதே இடத்தில் தவறியிருக்க மாட்டாரா? இதை அவருடைய நன்மைக்காக யோசிக்கிறேனா, எனக்கு ஒரு காரணம் தேடுகிறேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இந்த மார்கழிக் கச்சேரிக்கும் என்னைத்தான் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். வயலின் பயிற்சியின் நடுவே சில நாள் அந்தப் பதினேழை வாசித்துப் பார்க்கிறேன். இரண்டாவது ஐந்துக்கு முன்னால் வில் தானாக ஒரு மாத்திரை நின்றுவிடுகிறது.